யாருடைய அரங்கு? – பல்கலைக்கழகங்களும் திறந்த மூல இணையத் தளங்களும்

1

பல்கலைக்கழகம் என்பது கட்டடங்களின் தொகுதியன்று; கற்பிப்போரும் கற்போரும் ஆராய்வோரும் தம்முட் கருத்துப் பரிமாறிக்கொள்ளும் ஓர் அரங்கு என்பது நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மையாகும். விரிவுரை மண்டபம், நூலகம், ஆய்வுகூடம், கருத்தரங்க அறை ஆகியன அவ்வரங்கின் புறவடிவங்கள். அவை பல்கலைக்கழகத்தின் உடைமையாகவே இருந்து வந்துள்ளன. நூலகத்தின் திறப்பு வேற்று நாட்டு வணிக நிறுவனமொன்றின் சட்டைப்பையில் இருக்குமென்றால், எந்த மூதவையும் அதனை ஒரு நாளேனும் பொறுத்துக்கொள்ளாது. ஆனால் கற்பித்தலும் ஆராய்ச்சியும் பெருமளவுக்கு இணையத்துக்கு இடம்பெயர்ந்துவிட்ட இக்காலத்தில் நடந்திருப்பது ஏறத்தாழ இதுவே. விரிவுரை ஒரு நிறுவனத்தின் தளத்தில் நிகழ்கின்றது. ஆய்வுக் குறிப்புகள் இன்னொரு நிறுவனத்தின் களஞ்சியத்திற் கிடக்கின்றன. மாணவரின் ஒப்படைகள் மூன்றாவது நிறுவனத்தின் கணக்கில் சேர்கின்றன. இவற்றுள் எதன் திறப்பும் பல்கலைக்கழகத்திடம் இல்லை. எனினும் மூதவைகள் அமைதியாகவே உள்ளன.

இவ்வமைதிக்குக் கூறப்படும் காரணம் ஒன்றே: 'இது கணினிப் பிரிவினரின் விவகாரம், இலவசமாகக் கிடைப்பதை ஏன் மறுக்கவேண்டும்?' இக்கூற்றில் இரு தவறுகள் உள்ளன. எந்தத் தளத்திற் கற்பிப்பது என்பது தொழில்நுட்ப வினா மட்டுமன்று. அது உடைமை பற்றியதும் சுதந்திரம் பற்றியதுமான வினா. இலவசம் என்று கூறப்படுவதும் உண்மையில் இலவசமன்று.

2

திறந்த மூல மென்பொருளைக் கணினி ஆர்வலர் சிலரின் பொழுதுபோக்காகக் கருதுவோர் கற்றோரிடையேயும் உளர். வரலாற்றை நோக்குமிடத்து, பல்கலைக்கழகமே அதன் தாய்வீடு என்பது புலனாகும். மென்பொருளை எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடையர் என்ற கோட்பாட்டினை 1983 இல் முன்வைத்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், மசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தவர். 1991 இல் லினக்ஸ் கருவகத்தை வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ் அப்பொழுது ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர். ஆய்வு முடிவை வெளியிட்டு, பிறர் அதனைச் சோதிக்கவும் வளர்க்கவும் விடுவதென்ற அறிவியல் மரபே மென்பொருளின்மீதும் ஏற்றப்பட்டது. வேறுபட்ட எதுவும் அங்கு நிகழவில்லை.

இம்மரபினைக் கைவிட்டாற் பல்கலைக்கழகத்துக்கு நேர்வது யாதென்பதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். அங்கு கணினி விஞ்ஞானம் கற்பித்த மறே கோல்ட்பேர்க் 1990 களின் நடுப்பகுதியில் இணையவழிக் கற்பித்தலுக்கென வெப் சீ.ரி. என்னும் மென்பொருளை ஆக்கினார். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதனை விரும்பி ஏற்றன. 1999 இல் அது அமெரிக்க நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. 2006 இல் போட்டி நிறுவனமான பிளக்போர்ட் அதனை விழுங்கியது. சில ஆண்டுகளில் வெப் சீ.ரி. என்ற பெயரே சந்தையிலிருந்து மறைந்தது. அதனை நம்பிப் பாடநெறிகளைக் கட்டியெழுப்பிய விரிவுரையாளர், தம் உழைப்பைப் பெயர்த்துக்கொண்டு வேறிடம் தேடவேண்டியவராயினர். பல்கலைக்கழகத்திற் பிறந்த பொருள் பல்கலைக்கழகங்களுக்கே விலைப்பொருளாகத் திரும்பி வந்தமையும், பின்னர் அவற்றைக் கேளாமலே இல்லாது போனமையும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கன.

கதை அத்துடன் முடியவில்லை. 2006 ஜனவரியில் பிளக்போர்ட் நிறுவனம் இணையவழிக் கற்பித்தல் முறைமைக்கென அமெரிக்க ஆக்கவுரிமம் ஒன்றினைப் பெற்றது. ஒருவர் ஒரே கணக்கின் மூலம் ஒரு பாடநெறியில் மாணவராகவும் இன்னொன்றில் ஆசிரியராகவும் இருக்கலாம் என்பதும் அதன் உரிமைக் கோரிக்கைகளுள் அடங்கியிருந்தது. காலையில் முதுமாணி வகுப்பில் அமர்ந்திருந்துவிட்டு மாலையில் முதலாம் வருட மாணவருக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் உதவி விரிவுரையாளர் ஒவ்வொருவரும் அறிந்த ஒரு நடைமுறையைத் தனியுடைமையெனக் கோர ஒரு நிறுவனம் துணிந்தது. அவ்வாண்டு ஜூலையில் டிசையர் டு லேர்ன் என்னும் கனேடிய நிறுவனத்தின்மீது வழக்கும் தொடுத்தது. 2008 இல் யூரிமார் 31 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தனர். 2009 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமக் கோரிக்கைகள் செல்லாதன எனத் தீர்த்தது. நீதி இறுதியில் வென்றது எனலாம். ஆயினும் மூன்றாண்டுக் காலம் கற்பித்தல் என்ற செயலே நீதிமன்றத்தில் ஒரு தனியார் உடைமையாக வாதிடப்பட்டது.

அதே பல்கலைக்கழகத்தில், அதே பத்தாண்டில், இன்னொரு விதையும் ஊன்றப்பட்டது. கல்விப் பீடத்தைச் சேர்ந்த ஜோன் வில்லின்ஸ்கி 1998 இல் பொது அறிவுத் திட்டம் என்ற முயற்சியைத் தொடங்கினார். ஆய்விதழ் ஒன்றினை நடத்துவதற்கான பணிகள் அனைத்தையும் – கட்டுரையைப் பெறல், மதிப்பீட்டாளருக்கு அனுப்பல், திருத்தல், வெளியிடல் – இணையத்திற் செய்ய உதவும் மென்பொருள் அதிலிருந்து உருவாயிற்று. அது திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. இன்று உலகில் 25,000 க்கும் மேற்பட்ட ஆய்விதழ்கள் அதன்மீது இயங்குகின்றன. அவற்றுட் பெரும்பகுதி ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தவை. 2008 இல் தேசிய விஞ்ஞான மன்றத்தின் பங்களிப்போடு இலங்கை ஆய்விதழ்கள் ஒரே தளத்திற்கு வந்தபொழுது அதற்கு அடித்தளமாக அமைந்ததும் இம்மென்பொருளே. ஒரே வளாகத்தில் ஒரே காலத்தில் முளைத்த இரண்டனுள், விற்கப்பட்டது மறைந்தது, பகிரப்பட்டது பரந்தது. இதனைத் தற்செயல் எனத் தள்ளிவிடுவதற்கில்லை. விற்கப்பட்டதன் ஆயுள் வாங்கியவரின் இலாபக் கணக்கினால் தீர்மானிக்கப்பட்டது. பகிரப்பட்டதன் ஆயுளை அதனைப் பயன்படுத்துவோரின் தேவை தீர்மானிக்கின்றது.

இவ்விரு வழிகளின் சந்தியிலேயே மூடில் பிறந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் வளர்ந்து, வானொலி வழியாகப் பள்ளிக்கல்வி பெற்ற மார்ட்டின் டூகியாமாஸ், பேர்த் நகரிலுள்ள கேர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப் சீ.ரி. முறைமையைப் பராமரிப்பவராக இருந்தார். அதன் குறைகளைக் கண்டும், மூலநிரல் கையில் இல்லாமையால் திருத்த இயலாத நிலையிலேயே அவர் புதியதொன்றை ஆக்க முற்பட்டார். 2002 ஆகஸ்டில் மூடிலின் முதற்பதிப்பு பொது உரிமத்தின் கீழ் வெளிவந்தது. இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவற்றின் கற்றல் முகாமைத்துவ முறைமை இன்று மூடிலே. ஆனால் இவ்வரலாற்றினை அறிந்து அதனைத் தேர்ந்தோர் எத்தனை பேர், பணம் கொடுக்க வேண்டாம் என்பதற்காக மட்டும் தேர்ந்தோர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு, பின்னர் நடந்தவையே விடையளிக்கின்றன.

3

2020 மார்ச்சில் கொள்ளை நோய் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாக சூம் சேவை விரிவுரையாளருக்கு வழங்கப்பட்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல்கலைக்கழகத் தளங்களுக்கான தரவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. அவ்வேற்பாடு இல்லையேல் பல்லாயிரம் மாணவரின் கல்வி அறுந்திருக்கும் என்பதை மறுப்பது நேர்மையாகாது. நெருக்கடியில் கிடைத்த படகில் ஏறுவது குற்றமன்று. கரையேறிய பின்னரும் அப்படகையே வீடாகக் கொள்வதுதான் கேள்விக்குரியது. கனடாவின் கார்ல்ட்டன் பல்கலைக்கழகத்தில் 2007 இல் தொடங்கப்பட்டு, கற்பித்தலுக்கெனவே வளர்க்கப்பட்ட பிக் புளூ பட்டன் என்னும் திறந்த மூலக் காணொளி வகுப்பறை மூடிலுடன் இணைந்து இயங்கவல்லது. அதனைத் தம் வழங்கிகளில் நிறுவி வளர்க்கும் ஆற்றலை ஈட்டுவதற்கு அந்த ஆண்டுகளிலே கிடைத்த வாய்ப்பு பெரும்பாலும் வீணாயிற்று.

படகின் உடைமையாளர் யார் என்பது அதே ஆண்டில் வெளிப்பட்டது. 2020 செப்டெம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகம் பாலஸ்தீனப் போராளி லெய்லா காலித் பங்குபற்றும் இணையக் கலந்துரையாடல் ஒன்றினை ஏற்பாடு செய்தது. தன் தளத்தில் அதனை நடத்தவிட சூம் நிறுவனம் மறுத்தது. இத்தடையினைப் பற்றிப் பேசுவதற்கு அடுத்த மாதம் வேறு பல்கலைக்கழகங்களில் ஏற்பாடான கூட்டங்கள் சிலவும் அவ்வாறே நிறுத்தப்பட்டன. பேச்சாளரின் அரசியலை ஏற்பதும் எதிர்ப்பதும் வேறு விடயம். ஒரு பல்கலைக்கழகத்தின் கருத்தரங்கில் யார் பேசலாம் என்பதை அதன் ஆசிரியர் குழாமோ நாட்டின் நீதிமன்றமோ அன்றி, இணைப்பு வழங்கும் நிறுவனம் தீர்மானித்தது என்பதே இங்கு கவனிக்கவேண்டியது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கே இந்நிலையெனில், பேசக்கூடாதனவற்றின் பட்டியல் ஏலவே நீண்டதாயுள்ள ஒரு நாட்டின் பல்கலைக்கழகங்கள் எந்த நம்பிக்கையில் உறங்குகின்றன?

ஆராய்ச்சியாளரின் நிலையும் இதுவே. 2019 ஜூலையில் மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்குச் சொந்தமான கிற்ஹப் தளம், அமெரிக்க அரசின் பொருளாதாரத் தடைகளைக் காரணங்காட்டி ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களின் பயனாளர் கணக்குகளை மட்டுப்படுத்தியது. அங்கே மென்பொருளாக்கம் கற்ற மாணவர் செய்த குற்றம் வசித்த இடம் ஒன்றே.

இனி 'இலவசம்' என்பதனை நோக்குவோம். கல்வி நிறுவனங்களுக்கு எல்லையற்ற களஞ்சிய வசதி தருவதாகக் கூறி வந்த கூகிள் நிறுவனம், 2021 பெப்ரவரியில் அதனைக் கைவிடுவதாக அறிவித்தது. 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 ரெராபைட் என்ற எல்லை விதிக்கப்பட்டது. எல்லையற்றது என்ற சொல்லை நம்பி ஆய்வுத் தரவுகளைக் குவித்த பல்கலைக்கழகங்கள், எதனை அழிப்பது என்று தேடவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டன. முதலிற் பழக்கப்படுத்துவது, பின்னர் தங்கியிருக்கச் செய்வது, அதன் பின்னர் விலை கூறுவது என்பது ஏகபோக வணிகத்தின் பழைய வழி. சந்தைக்குப் புதிய தேயிலையை இலவசமாக ஊற்றிக் கொடுத்துப் பழக்கிய உத்தியிலிருந்து இது எவ்வகையில் வேறுபட்டது?

விலை கூறப்படும் நாள் எப்போது வரும் என்பதும் வாங்குபவர் கையில் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. டொலரிற் செலுத்தவேண்டிய உரிமக் கட்டணம் யாவும், சேவையில் எந்த மாற்றமும் இன்றியே, ரூபாவில் முக்காற் பங்குக்கு மேல் உயர்ந்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் அந்நியச் செலாவணி தேடிய நாடு, விரிவுரை நடத்துவதற்கும் அதனைத் தேட நேரின் எதனை முதலிற் கைவிடும் என்பதனைக் கூறவேண்டியதில்லை.

4

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களுட் பதிலளிக்கத்தக்கது ஒன்றுண்டு. சொந்த வழங்கியிற் சேமிப்பது பாதுகாப்பானதா என்பதே அது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் முகில் கணினி முறைமை கப்பம் கோரும் தீநிரலாற் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்து அரச மின்னஞ்சல்கள் மீட்க இயலாது அழிந்தன. 'உள்நாட்டிற் பராமரித்தால் இதுவே கதி' என்று அன்று சுட்டிக்காட்டியோர் பலர். ஆனால் அங்கே இயங்கியது திறந்த மூல மென்பொருளன்று. காலாவதியான மைக்ரோசொப்ட் அஞ்சல் மென்பொருளின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. புதிய பதிப்புக்கு மாற நிதி இல்லாமையே அதனை வைத்திருந்தமைக்குக் கூறப்பட்ட காரணம். அத்துடன் வேறிடத்திற் காப்புப்பிரதியும் இல்லை. ஆதலின் அந்நிகழ்ச்சி உரைப்பன இரண்டு: உரிமம் வாங்கப் பணமின்றிப் பழையதையே பற்றிக்கிடப்பது ஆபத்து, பராமரிக்க ஆளின்றி வழங்கியை வைத்திருப்பதும் ஆபத்து.

இரண்டாவது உண்மை திறந்த மூலத்தை ஆதரிப்போரையும் சுடவேண்டும். திறந்த மூலம் செலவற்றது என்று பரப்புரை செய்வோர் அதற்கு நன்மையிலும் தீமையையே செய்கின்றனர். உரிமக் கட்டணம் இல்லை. உழைப்புக்கான செலவு உண்டு. மூடிலை நிறுவி, ஒரு தற்காலிக உத்தியோகத்தரிடம் ஒப்படைத்து, அவர் வெளிநாடு சென்றதும் கடவுச்சொல்லைத் தேடி அலையும் நிறுவனம் திறந்த மூலத்தைப் பயன்படுத்தவில்லை. அதனைக் கைவிடப்பட்ட காணியாக வைத்திருக்கின்றது. வேற்று நிறுவனத்துக்குக் கட்டணமாகச் செல்லும் பணம் செலவாகிவிடுகின்றது. உள்ளூர்ப் பொறியியலாளருக்குச் சம்பளமாகச் செல்லும் பணம் ஆற்றலாகத் தங்குகின்றது. இவ்வேறுபாட்டினை உணராத கணக்காளர், இரண்டையும் ஒரே நிரலிற் செலவெனப் பதிகின்றனர்.

ஆற்றல் இந்நாட்டில் இல்லையெனக் கூறுவது உண்மைக்குப் புறம்பானது. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்யும் சஹானா என்ற திறந்த மூல முறைமையினை இலங்கைத் தொண்டர்களே ஆக்கினர். கட்டற்ற மென்பொருள் நிறுவனத்தின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. மாணவரைத் திறந்த மூலத் திட்டங்களில் ஈடுபடுத்தும் கூகிள் நிறுவனத்தின் கோடைகாலத் திட்டத்தில், 2005 இலிருந்து முதற் பத்தாண்டிற் கூடுதலான மாணவரைக் கொண்டிருந்த பல்கலைக்கழகம் மொறட்டுவையே. உலகத்தின் மென்பொருளை ஆக்க வல்ல மாணவரைக் கொண்ட நாடு, தன் விரிவுரை மண்டபத்தை இரவல் கேட்டு நிற்பது வறுமையினால் அன்று, மனப்பாங்கினால்.

5

மனப்பாங்கு எனும்பொழுது விரிவுரையாளரையும் விட்டுவிடுவதற்கில்லை. மூடிலின் வடிவமைப்புக்குப் பின்னே ஒரு கல்விக் கோட்பாடு உண்டு. அறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஊற்றப்படுவதன்று. பலர் கூடி ஆக்கிக்கொள்வது என்பதே அது. கலந்துரையாடற் களம், கூட்டாக எழுதும் விக்கி, ஒருவர் கட்டுரையை ஒருவர் மதிப்பிடும் பட்டறை, மாணவரே தொகுக்கும் சொற்கோவை ஆகியன அதன் உறுப்புகளாக அமைந்தமை இதனாலேயே. நடைமுறையில் நிகழ்வது யாது? பல ஆண்டுகளுக்கு முன் தயாரித்த குறிப்புகள் வருடந்தோறும் ஏற்றப்படுகின்றன. மாணவர் அவற்றை இறக்குகின்றனர். பரீட்சையில் அவற்றையே இறக்கிவைக்கின்றனர். குறிப்புச் சொல்லி எழுதுவிக்கும் பழைய மரபு, கரும்பலகையை விட்டு வழங்கிக்கு ஏறியுள்ளது, அவ்வளவே. கூட்டுழைப்புக்கான கருவியைப் பண்டகசாலையாக்கியோர், வணிகத் தளங்களின் ஆதிக்கம் பற்றிப் புலம்புவதிற் பொருளில்லை. கேள்வி கேட்கும் மாணவரை விரும்பாத ஆசிரியருக்கு எந்தத் தளமும் ஒன்றே.

மொழியின் நிலை இதனினும் கவலைக்குரியது. 1950 களிலும் 1960 களிலும் சுயமொழிக் கல்வி பல்கலைக்கழகம் வரை உயர்ந்தபொழுது, அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அப்பணியின் பெருமையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சான சொற்றொகுதி அச்சான நாளிலேயே நின்றுவிட்டது, துறைகள் நிற்கவில்லை. ஒவ்வொரு பாடநெறியிலும் மாணவரும் ஆசிரியரும் ஆண்டுதோறும் சேர்த்தும் திருத்தியும் வளர்க்கக்கூடிய சொற்கோவைக்கான வசதி இன்று ஒவ்வொரு கற்றற் தளத்திலும் வெறுமையாகக் கிடக்கின்றது. மூடிலின் தமிழ் மொழிபெயர்ப்பு தொண்டர்களால் தொடங்கப்பட்டு முழுமை பெறாமல் உள்ளது. வணிக மென்பொருள் தமிழிற் பேசுமா என்பதைச் சந்தை தீர்மானிக்கும். திறந்த மென்பொருள் தமிழிற் பேசாதிருப்பின் அதற்குப் பொறுப்பு தமிழ் அறிந்தோரே. மேலும், ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்று முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் பாமினி எழுத்துருவிற் தட்டச்சான குறிப்புகளும் ஆய்வேடுகளும் தளங்களில் ஏற்றப்படுகின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் அவ்வாவணங்கள் கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அவற்றில் ஒரு சொல்லைத் தேடினாற் கிடைப்பதில்லை. தேடவியலாத ஆய்வு, வெளியிடப்படாத ஆய்வை ஒத்ததே.

6

பல்கலைக்கழகங்கள் தயங்கி நின்ற இடத்திற் சமூகம் முன்சென்றுள்ளது. 1981 ஜூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அவற்றுள் இருந்தன. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஓரிரவில் அழியக்கூடும் என்ற பாடத்தை இதனினும் கொடிதாக எந்தச் சமூகமும் கற்றிருக்க முடியாது. 2005 இல் தொண்டர்கள் சிலர் தொடங்கிய நூலகம் திட்டம் இப்பாடத்துக்கான விடையாகும். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பிரசுரங்கள் ஆகியன மின்வடிவாக்கப்பட்டு எவரும் கட்டணமின்றிப் படிக்க வைக்கப்பட்டுள்ளன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் பழைய ஆண்டிதழ்களும் அவற்றுள் அடங்கும். அதன் அடித்தளம் மீடியாவிக்கி என்னும் திறந்த மூல மென்பொருள். இன்று ஈழத்து இலக்கியம் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர் முதலில் நாடுவது அத்தளத்தையே. பெருநிதியும் பேராசிரியர் பதவிகளும் இல்லாத தொண்டர்கள் செய்த இப்பணியை, இரண்டும் உடைய நிறுவனங்கள் ஏன் செய்யவில்லை என்ற வினா எழாமற் போகாது.

வேற்று நிறுவனமொன்றின் ஒற்றைக் கணக்கில் ஆய்வுச் செல்வம் முழுவதையும் குவித்துவைப்பது, நூல்கள் யாவற்றையும் ஒரே கட்டடத்திற் குவித்துவைத்த அதே தவறாகும். தீ வைக்க வேண்டியதில்லை. கணக்கை மூடினாற் போதும்.

எனவே செய்யவேண்டியன தெளிவானவை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே திணறுவதை விடுத்து, லேர்ன் போன்ற பொது வலையமைப்பின் கீழ்க் கற்பித்தற் தளங்களையும் காணொளி வகுப்பறைகளையும் கூட்டாகப் பராமரிக்க நிரந்தரப் பதவிகள் உருவாக்கப்படல் வேண்டும். பொதுப்பணத்தில் ஆக்கப்படும் பாடப்பொருளும் ஆய்வேடும் தரவும் பல்கலைக்கழகத்தின் சொந்தக் களஞ்சியத்திலும், குறைந்தது வேறோரிடத்திலும், திறந்த வடிவத்தில் ஒருங்குறித் தமிழிற் சேமிக்கப்படல் வேண்டும். வணிகச் சேவை எதனையும் ஏற்குமுன், அதிலிருந்து வெளியேறும் வழியினை எழுத்திற் கேட்டுப் பெறுவதை மூதவை தன் கடமையாகக் கொள்ளவேண்டும். கணினி விஞ்ஞான மாணவரின் இறுதியாண்டுச் செயற்றிட்டங்களும் தமிழ், மொழியியல் மாணவரின் பயிற்சிகளும் இத்தளங்களின் தமிழாக்கத்தில் இணையவேண்டும். அதற்குப் புள்ளிகளும் வழங்கப்படவேண்டும்.

இவை எவற்றுக்கும் வெளிநாட்டு உதவி தேவையில்லை, தீர்மானமே தேவை. அத்தீர்மானத்தை நிர்வாகம் எடுக்கும்வரை மாணவரும் இளம் விரிவுரையாளரும் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வெறுமையாகக் கிடக்கும் ஒரு சொற்கோவையில் முதற் சொல்லை இடுவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை. கற்பிக்கும் அரங்கு கற்பிப்போருக்கும் கற்போருக்கும் உரியது என்ற உண்மையினை அவர்கள் செயலில் நிலைநாட்டும்பொழுதே, மூதவைகளின் அமைதியும் கலையும்.